வாய் ‘பரவாயில்லை’ என்கிறது, உடம்பு என்ன சொல்கிறது? படுக்கையில் இருப்பவரின் குறிப்பறிய ஒரு முழுமையான வழிகாட்டி

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துவரும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் தன்னார்வலர்களை முதல் சில வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போவதும் என் பொறுப்பு. அன்பாகப் பேச அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் தடுமாறும் இடம் வேறு.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். "பரவாயில்லப்பா" என்று பதில் வரும். உடனே குறிப்பேட்டில் ‘நன்றாக இருக்கிறார்’ என்று எழுதிவிடுவார்கள். இன்னும் சிலர் நாலு வீடியோ பார்த்துவிட்டு வருவார்கள். கை கட்டியிருந்தால் கோபம், கண்ணைப் பார்க்காவிட்டால் பொய், காலை ஆட்டினால் பதற்றம் என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். முதல் வகையினரைவிட இவர்களைத் திருத்துவதுதான் கஷ்டம்.

உடம்பு பதில் சொல்லாது. எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று மட்டும் காட்டிக்கொடுக்கும். கீழே உள்ள படிகளை நான் இந்த வரிசையில் சொல்லித்தருவதும் அதனால்தான். வீட்டில் அப்பாவையோ மாமியாரையோ பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. வாசல் ஏறும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

நோய் என்ன, மாத்திரைகள் என்னென்ன, காது கேட்குமா, கண் தெரியுமா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். இவ்வளவும் தெரியாமல் உள்ளே போனால், நோய் செய்வதை மனம் செய்வதாக எண்ணிக்கொள்வீர்கள்.

பார்க்கின்சன் நோயில் முகத் தசைகள் இறுகிவிடும், இமைப்பதுகூடக் குறைந்துவிடும். வெளியூரில் இருக்கும் மகன் வந்து நின்றாலும் அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. ‘மகன்மீது பாசமில்லை’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். பாசம் இருந்தது, அதைக் காட்டும் தசைகள்தான் ஓய்ந்துபோயிருந்தன.

பக்கவாதத்தில் மூளையின் வலது பாதி அடிபட்டால், சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே உறைக்காது. இடது பக்கம் நின்று பேசினால் திரும்ப மாட்டார். அது அலட்சியம் இல்லை. இன்னும் சிலருக்கு, துக்கமோ சந்தோஷமோ பெரிதாக இல்லாமலே அழுகையோ சிரிப்போ பொங்கி வரும், அடக்கவும் முடியாது. இதுவும் மூளை அடிபட்டதன் விளைவு.

மாத்திரைகளையும் கேட்டு வையுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் இரண்டும் சிலருக்கு ஒருவித அமைதியின்மையைத் தரும். ஓரிடத்தில் இருக்க முடியாது, கால் ஓயாமல் அசையும். பார்க்கிறவருக்கு அது பயம் மாதிரியே தெரியும். மருந்தால் வந்தது என்று சந்தேகப்பட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அப்புறம் காது. எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டும் பெரியவரை ‘ரொம்ப ஒத்துழைக்கிறார்’ என்று எழுதும் முன், அவருக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சிரிப்பவர்கள் நிறையப் பேர்.

2. உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நின்றுகொண்டு பேசினால் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். கழுத்து வலிக்கும், முகம் சுருங்கும், அந்தச் சுருக்கத்தை நீங்கள் எரிச்சல் என்று எடுத்துக்கொள்வீர்கள். ஸ்டூல் கேட்டு வாங்கி, அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். கட்டிலின் ஓரத்தில் உட்காருவதாக இருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள். படுக்கையில் கிடப்பவருக்குச் சொந்தம் என்று மிஞ்சியிருப்பது அந்தக் கட்டில் அளவு இடம்தான்.

ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். அவருக்குப் பின்னால் இருந்தால் அவர் முகம் உங்களுக்கு இருட்டு. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஸ்டூலைத் தள்ளிப் போடுங்கள். அவருடைய கையும் காலும் உங்கள் பார்வைக்குள் இருக்கட்டும். டிவி ஓடினால், நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

ஃபேன் நேராக அவர்மேல் அடிக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். ஒரு அம்மா கையிரண்டையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டே பேசினார். என்னுடன் வந்தவர், ‘மனதைத் திறக்க விரும்பவில்லை’ என்று எழுதினார். ஃபேனை ஒரு சுற்று குறைத்தோம், கைகள் இறங்கிவிட்டன.

3. முதல் பத்து நிமிடம் அவருடைய இயல்பை மட்டும் கவனியுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நேராக நோயைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். அப்புறம் தெரியும் சோர்வு நோய்ப் பேச்சால் வந்ததா, எப்போதுமே உள்ளதா என்று சொல்ல வழியிருக்காது.

வலிக்காத பேச்சிலிருந்து தொடங்குங்கள். எந்த ஊர், என்ன தொழில், பேத்தி எந்த வகுப்பு, வாசலில் நிற்கும் முருங்கை எப்போது வைத்தது. இந்தப் பேச்சு நடக்கும்போது கை எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், எத்தனை முறை புரண்டு படுக்கிறார், மூச்சு எப்படி ஓடுகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் அவருடைய அளவுகோல். மற்றவர்களோடு ஒப்பிடுவதற்கு இல்லை, அவரை அவரோடு ஒப்பிடுவதற்கு.

கைத்தறி நெசவாளர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். படுத்த நிலையிலேயே அவருடைய வலது பாதம் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருந்தது. புதிதாக வந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "ரொம்பப் பதற்றமா இருக்காருங்க" என்றார். திரும்ப உள்ளே அழைத்துப்போய் அவர் மனைவியிடம் கேட்கச் சொன்னேன். "நாப்பது வருஷம் தறி மிதிச்ச காலு தம்பி, தூக்கத்துலகூட மிதிக்கும்" என்றார் அந்த அம்மா. அந்த வீட்டில் கவலைப்பட வேண்டியது கால் அசையும்போது இல்லை, கால் நின்றுபோகும்போது. அடுத்தடுத்த வாரங்களில் நாங்கள் கவனித்ததும் அதைத்தான். வலி ஏறும் நாட்களில் அந்தப் பாதம் அசைவற்றுக் கிடக்கும்.

"இவங்க எப்பவுமே இப்படித்தானா?" என்ற ஒரு கேள்வியை வீட்டில் இருப்பவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். உங்களுடைய பத்து நிமிடத்தைவிட அவர்களுடைய முப்பது வருடம் பெரியது.

4. முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

எல்லோரும் முகத்திலிருந்து தொடங்குவார்கள். நான் தலைகீழாகச் சொல்லித்தருகிறேன்: படுத்திருக்கும் விதம், கால், கை, மூச்சு, குரல், கடைசியாக முகம்.

முகம் பழக்கப்பட்ட இடம். ‘விருந்தாளி முன்னாடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே’ என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆள் வந்ததும் முகம் தானாகச் சிரித்துவிடும். போர்வைக்குள் இருக்கும் காலுக்கு அப்படி யாரும் பாடம் நடத்தியதில்லை.

முகத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. 2012இல் அவியேசர், ட்ரோப், டோடொரோவ் என்ற மூவர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய ஆட்டங்களில் புள்ளியை வென்ற, தோற்ற டென்னிஸ் வீரர்களின் படங்களைக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வெற்றியா தோல்வியா என்று சொல்ல முடியவில்லை. முகத்தை மறைத்து உடம்பை மட்டும் காட்டியபோது சொல்ல முடிந்தது. உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது எல்லா முகமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஆகிவிடுகிறது.

படுத்திருக்கும் விதம்: எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்? வலிக்கும் இடத்தை உடம்பு தானாக ஒதுக்கி வைக்கும். முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடப்பது வயிற்று வலியாக இருக்கலாம். சுவர்ப் பக்கமாகவே திரும்பிப் படுப்பது மனம் விட்டுப்போனதாகவும் இருக்கலாம், மறுபக்கத்தில் படுக்கைப்புண் வந்ததாகவும் இருக்கலாம்.

கால்: ஒரு பாதத்தால் மறு பாதத்தைத் தேய்ப்பது, கால் விரல்களை மடக்கி இறுக்குவது. வாய் ஓயாமல் சிரித்துப் பேசும்போதும் இது நடக்கும்.

கை: இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்ப்பது, போர்வை நூலைப் பிய்ப்பது, கட்டில் சட்டத்தை இறுகப் பிடிப்பது, வயிற்றிலோ இடுப்பிலோ கை தானாகப் போய் நிற்பது. ஒரு பாட்டி, "எனக்கென்ன கண்ணு, மகராசியா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தன் வளையலை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தள்ளி மறுபடி இறக்கிக்கொண்டிருந்தார். வளையல் முழங்கை வரை ஏறியது. கை அவ்வளவு இளைத்திருந்தது. அவர் சாப்பிட்டே பல நாள் ஆகியிருந்ததை அந்த வளையல்தான் எங்களைக் கேட்க வைத்தது.

மூச்சு: பெரியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு ஓடும். எண்ணிக்கையைவிட மாற்றம் முக்கியம். ஒரு பேச்சு வந்ததும் மூச்சு ஒரு கணம் நிற்கிறதா, தோள் ஏறி இறங்குகிறதா, பெருமூச்சு வருகிறதா?

குரல்: சொல்லைவிட அதற்கு முன் வரும் இடைவெளியைக் கேளுங்கள். "வலிக்குதா?" என்று கேட்டதும் வரும் "இல்ல" வேறு, மூன்று நொடி கழித்து வரும் "இல்ல" வேறு.

முகம்: நெற்றி, கண்ணோரம், தாடை. மனதிலிருந்து வரும் சிரிப்பில் கன்னம் எழும்பிக் கண்ணோரம் சுருங்கும். 1862இல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் இதை எழுதிவைத்தார். வாய் மட்டும் விரிந்து கண் அப்படியே இருந்தால் அது மரியாதைச் சிரிப்பாக இருக்கக்கூடும். ஆனால் இதையும் சட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பழகியவர்கள் கண்ணோரத்தையும் சேர்த்துச் சிரித்துக் காட்டிவிடுவார்கள்.

5. நம் ஊர்ச் சைகைக்கு நம் ஊர் அர்த்தம்

வெளிநாட்டு வீடியோக்களால் அதிகம் கெடுவது இந்தப் படிதான். பெரியவர் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இங்கே மரியாதை. மருத்துவரிடம் பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வதும் மரியாதை. மூத்தவர் கண்ணை நேராகப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பதில் சொல்லும் மருமகள் எதையும் மறைக்கவில்லை, வளர்ந்த முறை அது.

தலையைப் பக்கவாட்டில் அசைப்பதில் ‘சரி’ இருக்கிறது, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ இருக்கிறது, ‘பார்க்கலாம்’ இருக்கிறது, ‘நீங்க சொன்னா சரிதான்’ என்ற கையறு நிலையும் இருக்கிறது. மருந்தை மூன்று வேளை கொடுக்கச் சொல்லும்போது தலை அசைந்தால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "எப்படிக் கொடுப்பீங்கன்னு ஒருவாட்டி சொல்லுங்க" என்று கேளுங்கள். நாக்கைத் தட்டி ‘ச்சு’ என்பது மறுப்பாகவும் இருக்கும், பரிதாபமாகவும் இருக்கும். புருவமும் தலையும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டு ஆட்களிடம் நான் தவறாமல் கவனிக்கும் இரண்டு விஷயம் உண்டு. கணவரின் நிலையைப் பேசும்போது மனைவியின் கை தாலிக்கயிற்றுக்குப் போகிறதா என்பது ஒன்று. கஷ்டமான பேச்சு தொடங்கியதும் "இருங்க, காபி போட்டுட்டு வரேன்" என்று அடுப்படிக்குப் போகிறாரா என்பது இன்னொன்று. காபி வேண்டாம் என்று தடுக்காதீர்கள். பின்னாலேயே போய் அடுப்படி நிலையில் நின்றுகொள்ளுங்கள். நோயாளி முன்னால் சொல்ல முடியாததை அங்கே சொல்வார்.

6. மாறிய நொடியைப் பிடியுங்கள்

இயல்பு தெரிந்துவிட்டால், அடுத்து அது எப்போது மாறுகிறது என்பதே வேலை. மாற்றம் தெரிந்ததும் இரண்டு கேள்வி: சற்று முன் என்ன பேச்சு நடந்தது? அறைக்குள் யார் வந்தார்கள், யார் போனார்கள்?

பக்கவாதத்தில் வலது கைகால் விழுந்து பேச்சும் போன ஒரு தாத்தா. நாங்கள் பேச அவர் இடது கையால் சைகை காட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், முகம் தெளிவாகவே இருந்தது. மருமகள் வெந்நீர்க் குண்டானும் துண்டுமாக உள்ளே வந்தார். "மாமா, தொடைச்சு விட்டுடலாமா?" என்று நல்ல விதமாகத்தான் கேட்டார். அந்த நொடியில் தாத்தாவின் இடது கை போய் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டது. விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்குப் பிடி. கண்கள் ஜன்னலுக்குப் போயின. குண்டான் வெளியே போனதும் பிடி தளர்ந்தது.

என்னோடு வந்தவர் எழுதியது: ‘மருமகள் மீது கோபம். வீட்டில் பிரச்சினை.’ பார்த்தது முழுக்கச் சரி. எழுதியது தவறு. எங்கே பிசகியது என்பது அடுத்த படியில்.

7. ஒரு குறிக்குக் குறைந்தது மூன்று காரணம் எழுதுங்கள், உடம்புக் காரணம் முதலில்

‘கோபம்’ என்று எழுதிய இடத்தில் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: ‘மருமகள் வெந்நீருடன் வந்ததும் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டார், ஜன்னலைப் பார்த்தார். போனதும் விட்டார்.’ பக்கத்தில் காரணங்கள்: துடைக்கும்போது எங்காவது வலிக்கிறதா? தண்ணீர் சூடா? மருமகள் கையால் துடைக்கக் கூச்சமா? மருமகளோடு மனத்தாங்கலா?

ஒரே காரணத்தை எழுதினால் மனம் அதற்கு ஏற்ற சாட்சியைத்தான் தேடும். மூன்று எழுதினால் கேட்க வேண்டிய கேள்வியும் கூடவே கிடைத்துவிடும்.

உடம்புக் காரணத்தை முதலில் பார்க்கச் சொல்வது, அது சீக்கிரம் தீர்க்கக்கூடியது என்பதால். சிறுநீர் அடைத்துக்கொண்டால் மனிதர் நிலைகொள்ளாமல் தவிப்பார், போர்வையைத் தள்ளுவார், ஆளைத் திட்டுவார். டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காமல் ‘மரண பயம்’ என்று எழுதிவிடக் கூடாது. மலச்சிக்கலும் அப்படித்தான். மாத்திரை நேரம் தவறிய வலி, தாகம், ஈரத் துணி, கொசு எல்லாமே முகத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு, அது இன்னும் ஆபத்தானது. நேற்றுவரை பேசியவர் இன்று அமைதியாகிவிட்டார், கூப்பிட்டால் மெதுவாகத்தான் கண் திறக்கிறார். வீட்டில், "இன்னைக்குத் தொந்தரவே இல்லை" என்பார்கள். ஓரிரு நாளில் இப்படி மாறினால் அது கிருமித்தொற்றாலோ மருந்தாலோ வந்த மனக்குழப்பமாக இருக்கக்கூடும். மனச்சோர்வு என்றோ மன நிம்மதி என்றோ முடிவுகட்டாமல் அன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

8. கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்

"கோபமா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். உணர்ச்சிக்கு நீங்களாகப் பெயர் வைத்தால், அவர் அதை மறுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். "ஏன் கையைப் பிசையிறீங்க?" என்று கேட்டால் கை போர்வைக்குள் போய்விடும், அப்புறம் வெளியே வராது.

பார்த்ததை மெதுவாகப் பேச்சோடு சேர்த்து வையுங்கள். "மகன் பேச்சு வந்ததும் கொஞ்சம் அமைதியாயிட்டீங்களேம்மா." அவ்வளவுதான், கேள்விக்குறிகூட வேண்டாம். அப்புறம் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். புதியவர்களுக்கு இந்தப் பத்துதான் மிகப் பெரிய கஷ்டம். நான்கில் வாயைத் திறந்து ஆறுதல் சொல்லிவிடுவார்கள். ஏழிலோ எட்டிலோதான் அவர் பேசத் தொடங்குவார்.

இடமும் முக்கியம். மாமியார் இருக்கும்போது மருமகளிடமும், பிள்ளைகள் இருக்கும்போது அப்பாவிடமும் இப்படிக் கேட்காதீர்கள். உடம்பு காட்டியதை எல்லோர் முன்னும் சொல்வது அவரை அம்பலப்படுத்துவது.

தாத்தாவுக்குப் பேச்சு இல்லை. ஆளில்லாத நேரம் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். "தொடைக்கும்போது வலிக்குதாங்கய்யா?" தலை இல்லை என்றது. "தண்ணி சுடுதா?" இல்லை. "மருமக தொடைக்கறது சங்கடமா இருக்கா?" கை மறுபடி வேட்டி முடிச்சுக்குப் போனது. கண் நிறைந்துவிட்டது. மகனிடம் தனியாகச் சொன்னோம். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் முன் அவரே துடைத்துவிட ஆரம்பித்தார். மருமகளுக்கும் அது நிம்மதியாக இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அவரும் அத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைத்திருக்கிறார்.

9. பேசவே முடியாதவர் என்றால்

மறதி நோய் முற்றியவர்களிடம் கேள்வி எடுபடாது. அவர்களுக்காகவே 2003இல் அமெரிக்காவில் வெளியான ‘பெய்னாட்’ என்ற வலி அளவுகோலை நாங்கள் பயன்படுத்துகிறோம். ஐந்து விஷயம்: மூச்சு, முனகல் போன்ற ஓசை, முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மொத்தம் 10.

ஐந்து நிமிடமாவது பார்த்த பிறகு மதிப்பெண் போடுங்கள். சும்மா கிடக்கும்போது ஒருமுறை, புரட்டிப் படுக்க வைக்கும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை பாருங்கள். அசைக்கும்போது மட்டும் வெளிப்படும் வலிதான் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஒருநாள் எண்ணை வைத்து முடிவுக்கு வராமல், வலி மாத்திரைக்கு முன் எவ்வளவு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று ஒப்பிட்டு மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள். மாத்திரைக்குப் பிறகு எண் இறங்கினால், முன்பு நாம் பார்த்தது வலியாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

10. உங்கள் உடம்பை அவர் கவனித்துக்கொண்டிருக்கிறார்

நாள் முழுக்கக் கட்டிலில் கிடப்பவருக்கு வருகிறவர் முகம்தான் செய்தித்தாள். புண் கட்டைப் பிரிக்கும்போது உங்கள் மூக்கு சுருங்கினால் அதை அவர் பார்த்துவிடுவார், அடுத்த முறை கட்டைப் பிரிக்கவே விட மாட்டார். நாற்றம் வரும் என்று தெரிந்தால் முன்பே வாயால் மூச்சு விடத் தொடங்குங்கள். போனைப் பைக்குள் வையுங்கள். கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாலும் அவர், "சரி, நீங்க கிளம்புங்க" என்பார், சொல்ல வந்ததைச் சொல்லாமலே.

11. அடிக்கடி பார்க்கும் தவறுகள்

‘பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கு 55’ என்ற கணக்கு. பயிற்சிக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகளிலிருந்து வந்த எண்கள் இவை. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, ஒருவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை எதை வைத்து எடைபோடுகிறோம் என்ற சின்ன விஷயத்துக்கு மட்டுமே அவை பொருந்தும். எல்லாப் பேச்சுக்கும் பொருத்தினால், நோயாளி வாய்விட்டுச் சொல்வதைக் காதில் வாங்காமல் விட்டுவிடுவீர்கள். "வலிக்குது" என்று ஒருவர் சொன்னால், சிரித்துக்கொண்டே சொன்னாலும், வலிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொய் கண்டுபிடிப்பது. மாத்திரை சாப்பிட்டேன் என்கிறாரே, உண்மையா என்று முகத்தை ஆராய்வது வீண் வேலை. பாண்ட், டிபாலோ இருவரும் 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவது சராசரியாக 54 சதவீதம்தான். காசு சுண்டிப் பார்த்தாலே 50 வரும். கண் வலப்பக்கம் போனால் பொய் என்பதையும் 2012இல் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், ஆதாரம் கிடைக்கவில்லை. மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள், போதும்.

பயத்தைப் பொய் என்று நினைப்பது. இது அதிலிருந்தே பிறக்கும் தவறு. கணக்குக் கேட்பதுபோல் கேட்டால், உண்மை சொல்பவருக்கும் கை நடுங்கும். வேலைக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இதனால் நிரபராதிகள் பழி சுமந்திருக்கிறார்கள்.

நம் மனதை அவர்மேல் ஏற்றுவது. சமீபத்தில் அம்மாவை இழந்த ஒருவர் போன வீடுகளிலெல்லாம் துக்கத்தைப் பார்த்தார். தவறில்லை, மனித இயல்பு. ஆனால் அந்த மாதங்களில் இன்னொருவரோடு சேர்ந்து போவது நல்லது. இருவரும் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

12. குறிப்பேட்டில் எழுதும் முறை

பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலில் பார்த்தது, அடுத்து அதற்கு முன் நடந்தது, கடைசியில் கேட்டபோது கிடைத்த பதில். ‘கோபம்’, ‘சோகம்’, ‘பிடிவாதம்’ மாதிரியான சொற்கள் முதல் இரண்டு பத்திகளில் வரக் கூடாது. கை, கால், மூச்சு, நேரம், ஆள் இவை மட்டும். மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். அடுத்த வாரம் கேட்க வேண்டியது அங்கே காத்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டை விட்டு வந்த கால் மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகூட எழுதலாம். இரவு எழுதினால் பார்த்ததும் நினைத்ததும் கலந்துவிடும். நோயாளி முன்னால் எழுதாதீர்கள்.

நெசவாளர் வீட்டுக் குறிப்பு இப்படிப் போகிறது. பார்த்தது: காலை 10.20, வலது பாதம் அசையவில்லை, கை வலது விலாவில். அதற்கு முன்: இரவு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னார். கேட்டபோது: "ராத்திரிலேர்ந்து குத்துது, இவகிட்ட சொன்னா பயந்துக்குவா."